தன்பாலீர்ப்பு கொண்ட மாணவர்கள்: கல்லூரிகளின் கடமை என்ன?

தன்பாலீர்ப்பு கொண்ட மாணவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘எங்கள் கல்லூரியில் அப்படி யாரும் இல்லை’ என்று சொல்லும் நிர்வாகங்கள் உண்டு. இல்லாமல் இல்லை; அவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொன்னால் செய்தி வீட்டுக்குப் போகும், விடுதி இடம் பறிபோகும், படிப்பே நின்றுவிடும் என்ற பயம். இந்தப் பயத்துக்குச் சட்டம் என்ன பதில் வைத்திருக்கிறது?

தீர்ப்பு என்ன சொன்னது?

வயதுவந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் தன்பால் உறவு குற்றமல்ல என்று 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. அதை 2013-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் தவறைத் திருத்தியது. அந்த வழக்கில் மனுப் போட்டவர்களில் ஐஐடி மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் 20 பேர் இருந்தார்கள்.

கேலி செய்வது ராகிங் ஆகுமா?

ஆகும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிகளில் 2016-இல் ஒரு திருத்தம் வந்தது. சாதி, மதம், நிறம் போலவே பாலீர்ப்பைக் காரணம் காட்டி ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும், ஒதுக்கி வைப்பதும் ராகிங்தான் என்கிறது அது. நடையையும் குரலையும் வைத்துப் பட்டப்பெயர் சூட்டித் துரத்துவது, மெஸ்ஸில் பக்கத்தில் உட்கார விடாதது எல்லாம் இதில் அடங்கும்.

சிக்கல் எங்கே என்றால், புகார் கொடுக்கப் போகிறவர் தன்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அதனாலேயே பலர் போவதில்லை. முதலாண்டு மாணவர்களிடம் பெயர் கேட்காமல் கருத்தறிய வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. அந்தப் படிவத்தில் பாலீர்ப்பு பற்றி ஒரு கேள்வி சேர்த்தால் வாய் திறக்காதவரின் குறையும் தெரியவரும்.

கவுன்சலிங் எதற்கு?

‘மாற்றுவதற்கு’ அல்ல. தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நீக்கிவிட்டது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து வந்த இரு பெண்கள் தொடர்ந்த வழக்கில், ‘மாற்று சிகிச்சை’க்குத் தடை விதித்தார். தனக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அவர் தீர்ப்பு எழுதினார். இத்தகைய சிகிச்சை மருத்துவத் தொழில் ஒழுங்குக்கு எதிரானது என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. ஆனால், அதே ஆணையம் 2024-இல் பெண் தன்பாலீர்ப்பை ‘இயற்கைக்கு மாறான குற்றம்’ என்று பாடத்திட்டத்தில் சேர்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது.

சிகிச்சைக்கு வருபவர் சொல்வதை ரகசியமாகக் காப்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அவருக்குத் தரும் உரிமை. வார்டனும் துறைத் தலைவரும் அந்த ஒழுக்கத்தைத் தாங்களாகவே கடைப்பிடிக்க வேண்டும். ‘அப்பாவை வரச் சொல்’ என்ற ஒரு வரி ஒரு மாணவரின் படிப்பையே முடித்துவிடலாம்.

எங்கே மாறியிருக்கிறது?

ஐஐடி பம்பாயில் ‘சாத்தி’, சென்னை ஐஐடியில் ‘வண்ணம்’ என மாணவர் குழுக்கள் இயங்குகின்றன. ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகம் 2022-இல் விடுதியில் ஒரு தளத்தைப் பாலினப் பாகுபாடற்றதாக ஒதுக்கியது. பெயர்பெற்ற இந்தச் சில இடங்களைத் தாண்டி, மாவட்டத் தலைநகரங்களின் கலைக் கல்லூரிகளுக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் இந்த மாற்றம் வந்தாக வேண்டும்.

இதற்குப் பெரிய செலவில்லை. சேர்க்கை நாளில் ராகிங் விதிகளை வாசிக்கும்போது பாலீர்ப்பையும் சேர்த்து வாசிக்கலாம். வார்டன்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி தரலாம். யார் எப்படிப்பட்டவர் என்று கல்லூரி கண்டுபிடிக்க வேண்டியதில்லை. யாராக இருந்தாலும் நிம்மதியாகப் படிக்க முடிந்தால் போதும்.

துன்புறுத்தலுக்கு ஆளாகும் மாணவர்கள் ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522-ஐ அழைக்கலாம். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416.