காற்றுத் துப்பாக்கி: உபயோகமும் எச்சரிக்கையும்

வெள்ளகோவில் வட்டாரத்தில் மயில்களால் வெள்ளாமைக்கு நேரிடும் சேதத்தை அங்கத்தினர் நன்கறிவர். காற்றுத் துப்பாக்கி அதற்குப் பரிகாரமன்று. 1972ஆம் வருஷத்திய வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி மயிலைச் சுடுதல் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும். சேதத்தை வனத்துறைக்கு மனுச் செய்வதே முறை. குறி பார்த்துப் பழகுவதற்கே இத்துப்பாக்கி தக்கது.

மருந்தின்றிச் சுடுவதால் இதனை விளையாட்டுச் சாமானென எண்ணலாகாது. குழலை மடக்கும்போது உள்ளேயுள்ள சுருள்வில் அழுந்தி நிற்கும். விசையை இழுத்தவுடன் அது பிஸ்டனை முன்தள்ள, நெருக்குண்ட காற்று ஈயக்குண்டை வெளியே செலுத்தும். ஒரு குழந்தையின் கண்ணைப் போக்க அக்குண்டு போதும்.

ஆகையால் குழலை எவர்மீதும் நீட்டலாகாது. குறிக்குப் பின்னால் மண்மேடு இருத்தல் வேண்டும். கல்லிலும் இரும்பிலும் பட்ட குண்டு திரும்பி வரும். குண்டு போடும்வரை மடக்கிய குழலை இறுகப் பிடித்திருத்தல் அவசியம். நழுவினால் விரல் நசுங்கும். குண்டின்றிச் சுட்டால் பிஸ்டன் தடையின்றி மோதிப் பழுதாகும். வில் அழுந்திய நிலையில் துப்பாக்கியை வைத்துவிடலாகாது. வெளிப்புறத்தை எண்ணெய்த் துணியால் துடைத்து வருக. காற்றறையில் எண்ணெய் மிகுந்தால் அழுத்தத்தின் சூட்டில் தீப்பற்றும்.

2016ஆம் வருஷத்திய ஆயுத விதிகளின்படி, குழல்வாய் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டாலும், சுடும் சக்தி 20 ஜூலுக்கு மேற்பட்டாலும் லைசென்ஸ் வேண்டும். வாங்குமுன் இவ்விரண்டையும் விசாரித்தறிக. சுட்டு முடிந்தபின் துப்பாக்கியையும் குண்டுகளையும் பெட்டியில் பூட்டி வைப்பது வீட்டுக்காரர் கடமையாகும்.