ஏலமா, சூதாட்டமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்)

எங்கள் ஊர்ப் புளியமரங்களின் மகசூலை ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். ஒருவர் எட்டாயிரம் என்பார். இன்னொருவர் எட்டாயிரத்து நூறு என்பார். ஏலம் கிடைக்காதவர் கட்டிய டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டபடி வீட்டுக்குப் போய்விடுவார். ஏலம் என்றால் இதுதான் என்று எண்ணியிருந்தார் என் அண்ணன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, லேத் பட்டறையில் உழைத்து, என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர் அவர்.

'இருபதாயிரம் ரூபாய் கைப்பேசி இரண்டாயிரம் ரூபாய்க்கு!' என்றொரு விளம்பரம் கண்டு, அண்ணன் ஓர் இணைய ஏலத்தில் இறங்கினார். ஒரே வாரத்தில், என் கட்டணத்துக்கென்று வைத்திருந்த மூவாயிரம் ரூபாய் போயிற்று. "ஏலத்தில் தோத்துட்டேன், அவ்வளவுதான்" என்றார். தோற்றது ஏலத்தில்தானா? நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அவ்வகை ஏலத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் கட்டணம் உண்டு. அது திரும்பி வராது. ஒரு கேள்விக்குக் கட்டணம் 20 ரூபாய் என்றும், கேட்குந்தோறும் பொருளின் விலை ஒரு ரூபாய் ஏறும் என்றும் கொள்வோம். விலை 2,000-ஐ எட்ட 2,000 கேள்விகள் வேண்டும். கட்டணம் மட்டுமே 40,000 ரூபாய்! வென்றவர் தரும் விலையையும் சேர்த்தால் 42,000. இருபதாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு இவ்வளவு வரவு. விளம்பரம் பொய் சொல்லவில்லை. நாற்பதாயிரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை, அவ்வளவே. ஒவ்வொரு கேள்விக்கும் கடிகாரம் சில நொடிகள் நீளும். ஆகவே, பிறர் எப்போது ஓய்வார்கள் என்பதைப் பொறுத்ததே வெற்றி. இதைத் திறமை என்று எப்படிச் சொல்வது? ஜெர்மனியில் 2005-இல் தோன்றி அமெரிக்கா வரை பரவிய 'ஸ்வூப்போ' இம்முறையில்தான் நடந்தது, 2011-இல் மூடப்பட்டது.

சட்டம் சும்மா இருக்கிறதா? இல்லை. அரசின் அனுமதியில்லாத லாட்டரிக்கு விளம்பரம் வெளியிடுவது 1870 முதலே குற்றம். அன்று அபராதம் ஆயிரம் ரூபாய் வரை; 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையில் ஐயாயிரம் வரை. பெட்டிக்கடைக்காரருக்கு அது பெருந்தொகை. பெரிய கம்பெனிக்கோ தேநீர்ச் செலவு! பொருளை விற்பதற்காகக் குலுக்கல் நடத்துவதையும், பரிசுத் திட்டத்தின் முடிவை மறைப்பதையும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை வருமான வழியாகவோ வேலைக்கு மாற்றாகவோ காட்டக்கூடாது, விளம்பரப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு எச்சரிக்கைக்கு வேண்டும் என்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் வகுத்த விதி 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ அவ்விளையாட்டுகளின் விளம்பரத்தையே தடை செய்தது. மீறினால் ஈராண்டு வரை சிறை, ஐம்பது லட்சம் வரை அபராதம்.

பரிசை எதிர்பார்த்துக் கட்டணம் செலுத்துவதுதான் அச்சட்டம் கூறும் இலக்கணம். 'ஏலம்' என்ற சட்டையைக் கழற்றினால் அண்ணன் ஆடியதும் அதுவே என்பது என் எண்ணம். சட்டம் பயிலும் நண்பர்கள் மறுக்கலாம்.

கணக்கை அண்ணனிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"இதையும் அந்த விளம்பரத்துக்குக் கீழே போட்டிருக்கலாமேடா" என்றார்.