இழுப்பறையைக்கூடத் திறந்து பார்க்கலாம்! ‘ஷென்மூ’ தெரியுமா?

1999 டிசம்பர் 29. புத்தாயிரம் பிறக்க மூன்றே நாள். ஜப்பானில் சேகா நிறுவனத்தின் ட்ரீம்காஸ்ட் கருவிக்கு ஒரு வீடியோ கேம் வந்தது. ஓடு, அடி, அடுத்த லெவலுக்குப் போ என்றே பழகியவர்கள் கையில் அது ஒரு முழு ஊரையே தூக்கிக் கொடுத்தது! அதுதான் ‘ஷென்மூ’.

ஊர் கற்பனை இல்லை. டோக்கியோவுக்குத் தெற்கே இருக்கும் துறைமுக நகரமான யோகோசுகா. கதை தொடங்குவது 1986-ல். தன் கண்ணெதிரே அப்பாவைக் கொன்ற லான் டியைத் தேடிப் புறப்படுகிறான் 18 வயது ரியோ. பழிவாங்கும் கதைதானே என்கிறீர்களா? அவன் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள்! ஒவ்வொரு இழுப்பறையாகத் திறக்கலாம். உள்ளே கிடக்கும் பொருளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். கேசட் போட்டுப் பாட்டுக் கேட்கலாம், ஃபோன் பண்ணலாம். வீட்டைக் கவனித்துக்கொள்ளும் இனே பாட்டி தினமும் 500 யென் கைச்செலவுக்குத் தருகிறார். அதைக் கொண்டுபோய்க் குட்டிப் பொம்மை வாங்கியே தீர்த்துவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை! கோயில் பக்கம் தாயில்லாத பூனைக்குட்டி ஒன்று அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. அதற்குத் தீனி வைப்பதால் கதை ஓர் அடிகூட நகராது. ஆனாலும் மனசு கேட்காது, தினமும் போவீர்கள்.

கடைக்காரர்கள் காலையில் கடை திறந்து, நேரமானதும் மூடிவிட்டுப் போவார்கள். ஒருவர் ராத்திரி வரச் சொன்னால் ராத்திரி வரை பொழுதைப் போக்கித்தான் ஆக வேண்டும். அதைவிட வியப்பு இது: யோகோசுகாவில் 1986-ல் நிஜமாகவே பதிவான வானிலைக் குறிப்புகளை எடுத்து, அதன்படியே மழையும் பனியும் பெய்ய வைத்தார்கள்!

சரி, இது என்ன வகை விளையாட்டு? அங்கேதான் எல்லோரும் திணறினார்கள். துப்பறிதல் உண்டு. சண்டையும் உண்டு, ஒரே மூச்சில் 70 பேரோடு! துரத்தலின் நடுவே திரையில் பட்டன் பளிச்சிடும், அந்த நொடியே அழுத்த வேண்டும். துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தால் காலையில் ஃபோர்க்லிஃப்ட் பந்தயம், பிறகு பெட்டி சுமக்கும் வேலை, அதற்குச் சம்பளம்! இயக்குநர் யூ சுஸுகி 1985-ல் உருவாக்கிய ‘ஹேங்-ஆன்’, ‘ஸ்பேஸ் ஹாரியர்’ இரண்டும் ஊர் ஆர்கேடில் நிற்கின்றன. காசு போட்டு ஆடலாம். விளையாட்டுக்குள் விளையாட்டு! இருக்கிற எந்த வகையிலும் அடங்காததால் இதற்கென்றே ‘ஃப்ரீ’ என்று புதுப் பெயர் சூட்டினார் சுஸுகி.

ஊர் சுற்றிக்கொண்டே இருந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 1987 ஏப்ரல் 15-க்குள் கதையை முடிக்காவிட்டால் லான் டியே திரும்பி வந்து ரியோவைத் தீர்த்துக்கட்டிவிடுவான்!

2001-ல் இரண்டாம் பாகம் வந்தது, கதை பாதியில் நின்றது. ட்ரீம்காஸ்டின் தயாரிப்பும் அதே ஆண்டில் நின்றது. ரசிகர்கள் விட்டார்களா? 2015-ல் மூன்றாம் பாகத்துக்கு, மக்களிடம் நிதி திரட்டும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டரில் நிதி கேட்டார் சுஸுகி. இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, 10 லட்சம் டாலர் சேர்ந்தது! கடைசியில் 63 லட்சத்தையும் தாண்டியது. 2019 நவம்பரில் மூன்றாம் பாகம் வெளியானது. அதிலும் லான் டி தப்பிவிட்டான். நான்காவது வந்தே தீர வேண்டும்!