சிதறிக் கிடந்த சாட்சியங்கள்

ஒரு மருந்து நோயைக் குணப்படுத்துகிறது என்று வைத்தியர் ஒருவர் சொல்லும்போது, அவருடைய அனுபவமே அதற்கு ஆதாரம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அனுபவம் மகத்தான விஷயந்தான். ஆயினும் மருந்து சாப்பிட்ட பின் தேறிய நோயாளி அந்த மருந்தினால்தான் தேறினாரா, அல்லது அதைத் தொடாமலிருந்தாலும் அதே நாளில் எழுந்து நடமாடியிருப்பாரா என்பதைத் தனி மனிதர் ஒருவரின் அனுபவம், அது நாற்பது வருஷத்து அனுபவமாகவே இருந்தாலும், பிரித்துச் சொல்லிவிட இயலாது. தேறியவர் நன்றி சொல்லத் திரும்பி வருகிறார். தேறாதவர் வேறு வைத்தியரைத் தேடிப் போய்விடுகிறார். ஆகையால் வைத்தியரின் ஞாபகத்தில் ஜயங்களே மிகுதியாகத் தங்கிவிடுகின்றன.

இந்தக் குறையை நீக்குவதற்காகவே, யார் எந்தப் பிரிவில் சேருவார் என்பதை வைத்தியரோ நோயாளியோ தீர்மானிக்க முடியாதபடி நோயாளிகளை யதேச்சையாக இரு பிரிவுகளாக்கி, ஒரு பிரிவுக்குப் புது மருந்தும் மற்றதற்குப் பழைய சிகிச்சையோ மருந்தைப் போலவே தோற்றமளிக்கும் வெறும் மாத்திரையோ கொடுத்து, இரண்டின் பலனையும் ஒப்பிடும் பரிசோதனை முறை தோன்றியது. க்ஷயரோகத்திற்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துப் பார்த்து 1948-இல் பிரிட்டனில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி இம்முறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. நம் சென்னையிலேயே 1956-இல் தொடங்கிய க்ஷயரோக சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், நோயாளியை ஸானடோரியத்தில் வைத்துப் போஷித்தாலும் அவர் தம் ஏழை வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டு வந்தாலும் குணம் ஏறத்தாழ ஒன்றே என்று இதே முறையில் நிரூபித்து, உலகெங்கும் க்ஷயரோக சிகிச்சையின் போக்கையே மாற்றியது.

ஆனால் எல்லாப் பரிசோதனைகளும் அவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்பங்கரையில் பிழையாத நியாயம்; அங்கே அரிசியும் ஒன்று, உலையும் ஒன்று, நெருப்பும் ஒன்று. மனித சரீரங்களோ ஒரே உலையில் வெந்தவை அல்ல. நூறு பேரை வைத்து ஓர் ஊரில் நடத்திய பரிசோதனையில் மருந்து வென்றதாகவும், வேறு நூறு பேரை வைத்து இன்னோர் ஊரில் நடத்தியதில் தோற்றதாகவும் தோன்றுவதற்குத் தற்செயல் ஒன்றே போதும். அப்படியானால் எதை நம்புவது? இரண்டில் நமக்குப் பிடித்ததை நம்புவது எளிது. இரண்டையும், அவற்றோடு உலகில் வேறெங்கும் நடந்துள்ள மற்றவற்றையும் தேடிப் பிடித்து ஒருங்கே வைத்து எடைபோடுவதே நியாயம். அந்த நியாயத்தைச் செய்யத் தவறியதால் நேர்ந்த அநியாயம் ஒன்று மருத்துவ சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது. அதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரில் கிரஹாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலியைத் தொடங்கிவைப்பது எது என்பதை அறிவதற்காகச் சினை ஆடுகளைக் கொண்டு ஆராய்ந்துவந்தார். கருவிலிருந்த குட்டிகளுக்குக் கார்ட்டிஸால் என்னும் ஹார்மோனைச் செலுத்தியபோது அவை காலத்துக்கு முன்பே பிறந்தன. அவ்வளவு முன்னதாகப் பிறக்கும் குட்டியின் நுரையீரல் விரியாது. பிறந்தவுடனே அது இறந்துபோவதே இயற்கை. ஆனால் அவற்றில் ஒன்று இறக்கவில்லை, மூச்சுவிட்டுக் கொண்டிருந்தது. பின்னர் அதன் நுரையீரலைப் பரிசோதித்த லிக்கின்ஸ், அது ஓரளவு விரிந்து காற்றை ஏந்தியிருக்கக் கண்டு, தாம் தேடாத ஒன்று தம் கையில் வந்து விழுந்திருப்பதை உணர்ந்தார். நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒட்டிக்கொண்டு விடாமல் காக்கும் ஒருவகை வழுவழுப்பான பொருள் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் போதிய அளவு ஊறுகிறது. கார்ட்டிஸால் போன்ற ஸ்டீராய்டு அந்தப் பக்குவத்தை முன்கூட்டியே வரவழைத்துவிடுகிறது.

குறைமாதச் சிசுக்களுக்கு அக்காலத்தில் யமனாக இருந்தது இந்த மூச்சுத்திணறல் நோயே. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பாட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து இரண்டு நாள்கூட நிறையாமல் இறந்தது இதனால்தான். தேசத்தின் தலைவர் குழந்தைக்கே செய்வதற்கு ஒன்றும் இல்லாதிருந்த நோய் அது.

லிக்கின்ஸும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும் சேர்ந்து, குறைப்பிரசவம் நேரவிருந்த 282 தாய்மார்களைக் கொண்டு பரிசோதனை நடத்தி 1972-இல் முடிவை வெளியிட்டார்கள். தானாக வலி கண்ட தாய்மாரில், பீட்டாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி பெற்றவர்களின் சிசுக்களில் நூற்றுக்கு 3.2 வீதமும், பெறாதவர்களின் சிசுக்களில் நூற்றுக்கு 15 வீதமும் பிறந்த சில நாட்களுக்குள் இறந்தன. விலை மலிந்த மருந்து, ஊசியோ ஓரிரண்டு. இத்தகைய செய்தி வெளிவந்த மறு வருஷமே உலகத்துப் பிரசவ விடுதிகளெல்லாம் அதைக் கைக்கொண்டிருக்கும் என்று யாரும் நினைப்பார்கள்.

அப்படி நடக்கவில்லை. வேறு சில நாடுகளிலும் பரிசோதனைகள் நடந்தன. அவற்றில் பெரும்பாலானவை சிறியவை. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ‘பலன் இருப்பதுபோல் தோன்றுகிறது, ஆனால் நிச்சயமாகச் சொல்வதற்கில்லை’ என்ற அளவிலேயே நின்றவை. கர்ப்பிணிகள் உட்கொண்ட தாலிடோமைடு மருந்து அவர்களுடைய சிசுக்களுக்கு விளைத்த கொடுமை மனத்தில் ஆறாதிருந்த காலம். கர்ப்பிணிக்கு ஸ்டீராய்டு கொடுப்பதா என்ற அச்சம் மருத்துவர்களுக்கு இருந்ததில் குற்றமில்லை. அந்த அச்சத்துக்கு விடை சொல்லத்தக்க சாட்சியங்கள் பல சஞ்சிகைகளில் சிதறிக் கிடந்தும், அவற்றைத் திரட்டி ஒரே மேஜையில் பரப்பிப் பார்க்க ஒருவரும் முன்வராததே குற்றம். பட்ரீஷியா க்ரவ்லி என்ற மகப்பேறு மருத்துவர் அவற்றைத் திரட்டி முறையாக ஆராய்ந்து வெளியிட்டது 1989-இலும் 1990-இலும். பன்னிரண்டு பரிசோதனைகள், மூவாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார். முடிவு ஐயத்துக்கு இடமில்லாதது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் இதற்கென்று மாநாடு கூட்டி இந்தச் சிகிச்சையை வற்புறுத்தியது 1994-இல். லிக்கின்ஸின் கட்டுரைக்கும் அதற்கும் இடையே இருபத்திரண்டு வருஷம். இடைப்பட்ட காலத்தில் காப்பாற்றியிருக்கக்கூடிய சிசுக்கள் பல்லாயிரம் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

இக்கொடுமையை முன்னமே உணர்ந்து குரல் கொடுத்தவர் ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். லிக்கின்ஸின் ஆராய்ச்சி வெளிவந்த அதே 1972-இல் சிகிச்சைகளின் பயனைக் குறித்து அவர் எழுதிய சிறு நூல் வெளியாயிற்று. ஒவ்வொரு மருத்துவத் துறையும் தனக்குரிய பரிசோதனைகளையெல்லாம் திரட்டி, விமரிசித்து, புதியன வரவரத் திருத்திக்கொண்டே வரும் தொகுப்பு ஒன்றை வைத்திருக்கவில்லையே என்று 1979-இல் அவர் தம் தொழிலையே கடிந்துகொண்டார். அவருடைய கருத்தை மேற்கொண்ட இயான் சாமர்ஸ் முதலானோர் ஆக்ஸ்போர்டில் 1993-இல் தொடங்கிய சர்வதேசக் கூட்டமைப்பு காக்ரேனின் பெயரையே தாங்கியிருக்கிறது. அதன் சின்னத்தில் இருப்பது மேற்சொன்ன ஸ்டீராய்டு பரிசோதனைகளில் ஏழின் சித்திரம்.

அச்சித்திரத்தை வாசகர்கள் ஒருமுறை உற்றுப் பார்த்தால் போதும். இந்தச் சாஸ்திரத்தின் சாரம் விளங்கிவிடும். நடுவே செங்குத்தாக ஒரு கோடு. மருந்தினால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்பதன் அடையாளம் அது. குறுக்கே ஏழு படுக்கைக் கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு பரிசோதனை. மருந்து நன்மை செய்தால் கோடு இடப்புறம் சாயும். கோட்டின் நீளம் நம் நிச்சயமின்மையின் அளவு: சிறிய பரிசோதனைக்கு நீண்ட கோடு, பெரிய பரிசோதனைக்குக் குறுகிய கோடு. ஏழில் பெரும்பான்மை நடுக்கோட்டைத் தொட்டுக்கொண்டோ தாண்டிக்கொண்டோ நிற்கின்றன. அதாவது தனியாக நின்று சத்தியம் செய்யும் சக்தி அவற்றுக்கு இல்லை. ஆனால் கீழே, எல்லாவற்றையும் கூட்டிக் கணக்கிட்ட முடிவைக் காட்டும் சிறு வைர வடிவம், நடுக்கோட்டைத் தொடாமல் ஐயத்துக்கு இடமின்றி இடப்புறத்தில் அமர்ந்திருக்கிறது.

இப்படிக் கூட்டிக் கணக்கிடுவதையே மெட்டா அனாலிசிஸ் என்கிறார்கள். அமெரிக்கரான ஜீன் கிளாஸ் 1976-இல் இட்ட பெயர் அது. நோயாளிகளையெல்லாம் ஒரே கூட்டமாகச் சேர்த்துவிடுவதல்ல இது; ஒவ்வொரு பரிசோதனைக்குள்ளும் மருந்து பெற்றவரையும் பெறாதவரையும் ஒப்பிட்டுக் கண்ட வித்தியாசத்தை எடுத்து, நிச்சயம் மிகுந்ததற்கு அதிக மதிப்பும் குறைந்ததற்குக் குறைந்த மதிப்பும் தந்து சராசரி காண்பது. எனினும் கணக்கு கடைசியில் வருவது. அதற்கு முன் செய்யவேண்டிய வேலையே முக்கியமும் சிரமமும் ஆனது. முறைசார் ஆய்வு என்று அதைச் சொல்லலாம். எந்த நோயாளிகளுக்கு, எந்தச் சிகிச்சையை, எதனோடு ஒப்பிட்டு, என்ன பலனை அளக்கப் போகிறோம் என்பதை முதலிலேயே எழுதி வெளியிட்டுவிடவேண்டும். முடிவைப் பார்த்தபின் கேள்வியை மாற்றிக்கொள்ள வழி இருக்கக்கூடாது. பிறகு உலகத்துச் சஞ்சிகைகளையும் பதிவேடுகளையும் சல்லடை போட்டுத் தேடவேண்டும். கிடைத்தவற்றில் எவை தகுதியுள்ளவை என்பதை ஆய்வாளர் இருவர் ஒருவர் தீர்ப்பை மற்றவர் அறியாமல் நிர்ணயிக்க வேண்டும். பேதம் வந்தால் பேசித் தீர்க்கவேண்டும். ஒவ்வொரு பரிசோதனையிலும் பக்ஷபாதம் புகுந்திருக்கக்கூடிய வாசல்களை ஒன்றொன்றாகச் சோதிக்கவேண்டும். ஒரு நிபுணர் தமக்குத் தெரிந்த கட்டுரைகளைப் படித்து அபிப்பிராயம் எழுதுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம்.

மாரடைப்பு வந்தவர்களுக்கு இரத்தக்கட்டைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தின் கதையும் இத்தகையதே. 1959 முதல் 1988 வரை முப்பத்துமூன்று பரிசோதனைகள் நடந்தன. அவற்றைக் காலவரிசைப்படி ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிப் பார்த்த ஆய்வு 1992-இல் வெளிவந்தபோது, முதல் எட்டுப் பரிசோதனைகளும் 2,432 நோயாளிகளுமே போதும், 1973-லேயே உண்மை நிலைபெற்றுவிட்டது என்று தெரிந்தது. பின்னர் வந்த இருபத்தைந்து பரிசோதனைகளில் சேர்ந்தவர்கள் 34,542 பேர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு உயிர்காக்கும் மருந்து கிடைக்கவில்லை. முன்னே நடந்ததைக் கூட்டிப் பாராமல் புதிய பரிசோதனை தொடங்குவது நோயாளிக்குச் செய்யும் துரோகம் என்றே நான் கருதுகிறேன்.

இந்த முறையும் ஏமாறும். உள்ளே இடுவது பொய்யானால் வெளியே வருவதும் பொய்யே. டாமிஃப்ளு என்ற மாத்திரை, இன்ஃப்ளூயன்ஸாவின் ஆபத்தான பின்விளைவுகளைக் குறைக்கிறது என்று காக்ரேன் ஆய்வாளர்களே ஒரு காலத்தில் எழுதினார்கள். 2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது, கெய்ஜி ஹயாஷி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் அவர்களுக்கு எழுதி, அம்முடிவு ஒரு கட்டுரையைச் சார்ந்தது, அக்கட்டுரை சேர்த்துக் கூட்டிய பத்துப் பரிசோதனைகளில் இரண்டுதானே முறையாகப் பிரசுரமாயின, மற்ற எட்டையும் நீங்கள் கண்ணால் பார்த்ததுண்டா என்று கேட்டார். பார்த்ததில்லை. தயாரித்த கம்பெனியிடமிருந்து முழு அறிக்கைகளைப் பெறச் சில வருஷம் போராட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் படித்து 2014-இல் வெளியிட்ட முடிவு: பெரியவர்களுக்குக் காய்ச்சலின் உபத்திரவம் ஏழு நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகிறது; ஆஸ்பத்திரியில் சேர்வது குறைகிறது என்பதற்கு ஆதாரமில்லை. இதற்குள் பல அரசாங்கங்கள் அம்மாத்திரையைக் கோடிக்கணக்கில் வாங்கிக் குவித்துவிட்டன. நல்ல பலன் கண்ட பரிசோதனை அச்சேறுவதும், பலன் காணாதது அலமாரியில் உறங்குவதும் மருத்துவ உலகின் பழைய வியாதி.

ஓரிடத்தில் கண்ட உண்மை எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்வதும் ஆபத்தே. இதற்கும் ஸ்டீராய்டின் சரித்திரமே சாட்சி. இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளின் கிராமப்புறங்களில் ஏறக்குறைய ஒரு லட்சம் பிரசவங்களை உட்படுத்தி 2015-இல் வெளியான ஆராய்ச்சியில், இந்த ஊசியைப் பரவலாகப் புகுத்திய இடங்களில் சிசு மரணம் குறையவில்லை; சற்று அதிகரித்தது. கர்ப்ப காலத்தை ஸ்கேன் மூலம் நிச்சயிக்கவும் குறைமாதச் சிசுவைப் பராமரிக்கவும் வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில், இந்தியா, வங்காளதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளில் 2,852 தாய்மாரைக் கொண்டு நடந்து 2020-இல் வெளியான பரிசோதனையிலோ, டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு பெற்றவர்களின் சிசுக்களில் மரணம் நூற்றுக்கு 23.5-லிருந்து 19.6 ஆகக் குறைந்தது. மருந்து ஒன்றே; அதைச் சூழ்ந்த கவனிப்பு வேறு. இத்தகைய வித்தியாசங்களைச் சராசரிக்குள் புதைத்துவிடாமல் வெளியே எடுத்துக் காட்டும் ஆய்வே நல்ல ஆய்வு.

இந்த வேலையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. காக்ரேன் கூட்டமைப்பின் தென்னாசிய மையம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், மனநல மருத்துவர் பிரதாப் தர்யன் தலைமையில் வளர்ந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-இல் அக்கூட்டமைப்பின் ஆய்வுத் தொகுப்பான காக்ரேன் நூலகத்தை இந்நாட்டார் யாவரும் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்தது. காக்ரேன் ஆய்வுகள் பலவற்றின் எளிய சுருக்கங்கள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கின்றன. வீட்டில் ஒருவருக்கு நீண்டகால மருந்தோ பெரிய அறுவை சிகிச்சையோ வேண்டும் என்று சொல்லப்படும்போது, நோயின் அவசரம் இடம் கொடுக்குமானால், அச்சிகிச்சையைப் பற்றிய சுருக்கத்தைத் தேடிப் படியுங்கள். படித்ததைக் கையோடு கொண்டுபோய், எல்லாப் பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் இப்படிச் சொல்கிறார்களே, எங்கள் நிலைமைக்கு இது பொருந்துமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.