கத்திக்கு முன்னால் திசுப் பரிசோதனை

திருமங்கலம் பக்கத்தில் பிள்ளை முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக ஒன்றுக்குப் போனால், 'சூடு, நீர்க்கடுப்பு' என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பார்கள். பெரும்பாலும் அவ்வளவுதான் விஷயம். ஆனால், அடிவயிறு புடைத்து, மலச்சிக்கலும் சேர்ந்து, சிறுநீரில் ரத்தமும் தெரிந்தால் இடுப்புக்குழிக்குள் கட்டி ஒன்று சிறுநீர்ப்பையை நெருக்கிக்கொண்டிருக்கலாம். குழந்தைகளுக்கு வரும் மென்திசுப் புற்றுகளில் முதலிடம் ராப்டோமயோசர்கோமாவுக்கு. பெண் குழந்தைகளுக்குச் சில சமயம் அது திராட்சைக் கொத்தாகப் பிறப்புறுப்பின் வழியே எட்டிப்பார்க்கும். எங்கோ ஒருவருக்கு வரும் நோய்க்காக மலச்சிக்கல் வந்த பிள்ளைக்கெல்லாம் ஸ்கேனா என்றால், வேண்டியதில்லை. சிறுநீர் கழித்த பிறகும் அடிவயிற்றில் கெட்டியாக ஏதாவது தட்டுப்படுகிறதா என்று அழுத்திப் பார்க்கக் காசு செலவில்லை. தட்டுப்பட்டால் அன்றைக்கே அல்ட்ராசவுண்ட்.

கட்டி என்று தெரிந்ததும் 'வெட்டி எடுத்துருங்க சார்' என்பார்கள் பெற்றோர். ஒரு காலத்தில் மருத்துவமும் அதைத்தான் செய்தது. சிறுநீர்ப்பையோடு சேர்த்தே அகற்றியது. பிழைத்த குழந்தைக்கு ஆயுசுக்கும் வயிற்றில் பை. 1972-ல் அமெரிக்காவில் தொடங்கிய தொடர் ஆய்வுகள்தான் அதை மாற்றின. வின்கிறிஸ்டின், ஆக்டினோமைசின், சைக்ளோபாஸ்பமைடு ஆகிய மருந்துகளும் கதிர்வீச்சும் சேர்ந்தால், வேறெங்கும் பரவாத நிலையில் 100-க்குச் சுமார் 70 குழந்தைகள் பிழைக்கிறார்கள். பலருக்குச் சிறுநீர்ப்பையும் மிஞ்சுகிறது. ஆகவே முதலில் வேண்டியது எம்.ஆர்.ஐ.யும் திசுப் பரிசோதனையும். 'ஊசி குத்தினால் பரவிடும்' என்ற பயம் ஊரெல்லாம் உண்டு. திட்டமிட்டு எடுக்கும் திசுவால் அந்த அபாயம் மிகக் குறைவு. அவசரத்தில் பாதி வெட்டி மீதியை உள்ளே விடுவதுதான் பெரிய ஆபத்து. விதிவிலக்கும் உண்டு: பிறந்த குழந்தையின் வால் எலும்பில் தொங்கும் டெரட்டோமாவுக்கு அறுவை சிகிச்சையே முதல் மருந்து, அதில் வால் எலும்பையும் சேர்த்து எடுக்காவிட்டால் கட்டி திரும்ப வரலாம்.

'அடையாறு போனாத்தான் பிழைக்கும்' என்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. 1954 முதல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை சம்பாதித்த பெயர் அது. ஆனால் மருந்து மாதக்கணக்கில் ஏற வேண்டும். கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு 5 நாள், அதுவும் சின்னப் பிள்ளை அசையாதிருக்க ஒவ்வொரு தடவையும் மயக்க மருந்து கொடுத்து. தினக்கூலிக் குடும்பம் அத்தனை நாள் சென்னையில் எப்படித் தங்கும்? பாதியில் ஊர் திரும்பினால் அதுவரை ஏறிய மருந்தும் வீண். சிகிச்சைத் திட்டத்தைச் சென்னை வகுத்துக் கொடுக்க, மருந்தைத் திருமங்கலத்திலிருந்து 20 கிலோமீட்டரில் உள்ள மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் ஏற்றுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். அதற்குப் பெற்றோர் ஸ்கேன் படங்களையும் திசு அறிக்கையையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். திசு பதித்த மெழுகுக் கட்டியையும் பரிசோதனைக் கூடத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.