மனநலச் செவிலியக் கல்வியில் பாவனைப் பயிற்சி

மனநலச் செவிலியத்தில் பாவனைப் பயிற்சி என்பது, இளநிலைச் செவிலிய மாணவர்கள் மனநல மருத்துவமனைக்குச் செல்லுமுன், நோயாளியாக நடிக்கப் பழக்கப்பட்டவருடன் உரையாடிக் கற்கும் முறையாகும். இவ்வாறு நோயாளியாக ஒருவரை நடிக்கச் செய்வதை 1963-இல் அமெரிக்க மருத்துவர் ஓவர்டு பாரோசு மருத்துவக் கல்வியில் தொடங்கினார். இந்தியச் செவிலியர் மன்றத்தின் 2021 பாடத்திட்டத்திலும் பாவனைப் பயிற்சி இடம்பெறுகிறது.

ஊசி போடப் பழகப் பொம்மை போதும். தற்கொலை எண்ணம் உண்டா எனத் தயங்காது கேட்கப் பழக எதிரே மனிதர் வேண்டும். கேட்டால் அவ்வெண்ணம் தூண்டப்படும் என்பது தவறான அச்சமே. பயிற்சியில் சொல் பிழைத்தால் நிறுத்தி மீண்டும் தொடங்கலாம். பின்னர் நிகழும் கலந்துரையாடலிலேயே பெரும்பகுதி கற்கப்படுகிறது. காதொலிக் கருவியில் மாயக் குரல்களைக் கேட்கச் செய்யும் பயிற்சி பரிவை வளர்த்தாலும், நோயாளியிடமிருந்து விலகும் விருப்பத்தையும் கூட்டக்கூடும் எனச் சில ஆய்வுகள் காட்டின.

சென்னை தேனாம்பேட்டையில் 2022-இல் தொடங்கப்பட்ட 14416 தொலைபேசி மனநலச் சேவை போன்றவற்றில் அழைப்பவரின் முகமும் தெரியாது. குரலை மட்டும் கொண்டு நிலையறியும் இத்திறனையும் பாவனையாகப் பழக்கலாம்.