வீட்டு வரிப் பணத்தில் ‘லாபி’ செய்யலாமா? டெக்சஸில் முடிவுக்கு வராத வழக்காடல்

வீட்டு வரி கட்டுகிறோம். குப்பை அள்ளவும், கால்வாயைச் சுத்தம் செய்யவும், தெருவிளக்கு எரியவும் அந்தப் பணம் போகிறது என்று நம்புகிறோம். அதே பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, “வரி உயர்வுக்கு வரம்பு போடும் சட்டம் வேண்டாம்” என்று சட்டமன்றத்தில் பேச உள்ளூர் மன்றம் ஆள் அமர்த்தினால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பல ஆண்டுகளாக இந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்தித்து, ஒரு சட்டம் வர வேண்டும் அல்லது வரக் கூடாது என்று பேசி இணங்க வைக்கும் வேலைக்கு ‘லாபி’ என்று பெயர். அங்கே அது பதிவு பெற்ற ஒரு தொழில். பெரிய நிறுவனங்கள் மட்டுமல்ல, மாநகரங்களும் கவுண்டிகளும் பள்ளி மாவட்டங்களும்கூட இப்படிப்பட்டவர்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்துகின்றன. தங்களுக்காகப் பேசும் சங்கங்களுக்குச் சந்தாவும் கட்டுகின்றன. இரண்டுக்கும் பணம் மக்களின் வரியிலிருந்துதான் போகிறது.

டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. அதனால் உள்ளூர் மன்றங்கள் பெரிதும் நம்பியிருப்பது சொத்து வரியை. 2019இல், மாநகரங்களும் கவுண்டிகளும் சொத்து வரி வசூலை ஆண்டுக்கு 3.5 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் வாக்காளர்களிடம் ஒப்புதல் கேட்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்கு முன்பு அந்த வரம்பு 8 விழுக்காடு. மாநகரங்கள் பலவும் அவற்றின் சங்கமும் இதை எதிர்த்தன. “எங்கள் பணத்தை வைத்தே எங்கள் வரிச் சுமையைக் குறைக்க விடாமல் தடுக்கிறார்களே” என்ற குரல் அப்போது வலுத்தது.

அதே ஆண்டு மே மாதத்தில், வரிப் பணத்தில் லாபி செய்வதைக் கட்டுப்படுத்தும் மசோதா ஒன்று பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 58, எதிர்ப்பு 85. மசோதா தோற்றது. குடியரசுக் கட்சியினர் பெரும்பான்மையாக இருந்த சபை அது. அக்கட்சியிலேயே பலர் எதிர்த்து வாக்களித்தார்கள். பிறகு 2021, 2023, 2025ஆம் ஆண்டுகளிலும் இத்தகைய மசோதாக்களுக்கு செனட் சபை ஒப்புதல் தந்தது. பிரதிநிதிகள் சபையைத்தான் அவை தாண்டவில்லை.

இந்த மசோதாக்கள் மேயரின் வாயைக் கட்டிப் போடவில்லை. மேயரோ மன்ற ஊழியரோ நேரில் போய்ப் பேசலாம். குழுவின் முன் சாட்சியம் சொல்லலாம். வெளியாளைக் காசு கொடுத்து அமர்த்துவதற்குத்தான் தடை.

அப்படியென்றால் எதிர்ப்பு ஏன்?

டெக்சஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, 140 நாள்கள் மட்டுமே வழக்கமான கூட்டத்தை நடத்துகிறது. அதற்குள் ஆயிரக்கணக்கான மசோதாக்கள் வந்து குவியும். சிற்றூர் மேயர் பலர் வேறு வேலை பார்த்துப் பிழைப்பவர்கள். தலைநகர் ஆஸ்டினுக்குப் பல மணி நேரம் கார் ஓட்டி வந்து, தங்கள் ஊரைப் பாதிக்கும் மசோதா எது என்று தேடிக் கொண்டிருக்க அவர்களால் முடியாது. பல சிற்றூர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு சங்கத்துக்குச் சந்தா கட்டினால், அவர்களுக்காக ஒருவர் அங்கே கண் வைத்திருப்பார். அதையும் தடுத்துவிட்டால், ஆள் அமர்த்த வசதியுள்ள தனியார் நிறுவனங்களின் குரல் மட்டுமே சபையில் கேட்கும் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள்.

ஆதரிப்பவர்களின் பதில் வேறு: மக்கள் வாக்களித்தது மேயருக்கு, அவர் அமர்த்தும் ஆளுக்கு அல்ல. தனியார் நிறுவனம் தன் பணத்தைச் செலவிடுகிறது. மன்றம் செலவிடுவதோ பிறர் பணம். மாநில அரசின் துறைகள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட நிதியில் சட்டமன்றத்தை வளைக்கப் பார்க்கக் கூடாது என்று டெக்சஸில் ஏற்கெனவே சட்டம் உண்டு. உள்ளூர் மன்றத்துக்கு மட்டும் ஏன் விலக்கு?

செலவுக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. லாபி செய்பவர்கள் தங்கள் ஊதியத்தைத் துல்லியமாகச் சொல்வதில்லை. இத்தனை டாலரிலிருந்து இத்தனை டாலர் வரை என்ற அளவில்தான் பதிவு செய்கிறார்கள். ஆகவே தடையை விட வெளிப்படைத்தன்மையே முதல் தேவை என்று நடுவில் நிற்பவர்களும் உண்டு. எந்த மன்றம், யாருக்கு, எவ்வளவு கொடுத்தது, எந்த மசோதாவுக்காக என்று மக்கள் பார்க்க முடிந்தால், மிச்சத்தை வாக்குப் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் வாதம்.

மலேசியாவில் அந்த வாக்குப் பெட்டி இல்லை. ஊராட்சி மன்றத் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. ஆனால் 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தாலொழிய, அதன் கூட்டங்களில் பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் அமர்ந்து கேட்கலாம். அடுத்த முறை வீட்டு வரி ரசீது வரும்போது, அந்தக் கூட்டம் எந்தத் தேதியில் நடக்கிறது என்பதையும் விசாரித்து வைப்பது நல்லது.